இசையாக்கத்தில் எழுதுகோல்: ஒரு வரலாற்று நோக்கு

கம்பளை இலங்கையின் இராசதானியாக விளங்கிய பதினான்காம் நூற்றாண்டின் சின்னங்களுள் இரண்டு ஒருங்குவைத்து நோக்கத்தக்கன. ஒன்று இலங்காதிலக விகாரை. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில், அவ்விகாரைக்கு வழங்கப்பட்ட நிலங்களும் மானியங்களும் அங்குள்ள பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றையது மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்ததாகக் கொள்ளப்படும் எம்பெக்கே தேவாலயம். கதிர்காமக் கடவுளுக்குரிய இத்தேவாலயத்தில், சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கும் மண்டபம் முரசறைவோருக்கென்றே அமைந்தது. மானியத்தின் விவரத்தை இன்றும் பாறையில் வாசிக்கலாம். அதே காலத்தில் மண்டபத்தில் எழுந்த முழக்கமோ எந்தக் கல்லிலும் இல்லை. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்த அளவே அது எஞ்சியுள்ளது. சொல்லை எழுத்து காத்தது. ஓசையை அது காக்கவில்லை.

ஓசையைக் கோட்டினாற் பிடிக்க மனிதர் செய்த முயற்சிகள் பல. கணினியில் இசையமைப்போர் சிலர் சுட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனாப் பலகையைக் கையிலெடுத்திருப்பது அம்முயற்சிகளின் தொடர்ச்சியேயாகும். இதனை வெறும் வசதி பற்றிய செய்தியாகக் கொள்வோர் உளர். எனினும் அதன் பின்னணியில் நெடியதொரு வரலாறு உண்டென்பதையும், அவ்வரலாறு மலையகத் தமிழரின் இசைச் செல்வத்தோடு தொடர்புடையதென்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்திற் சிக்காத அசைவு

தமிழகத்தில் இசை தொடர்பான எழுத்துச் சான்றுகள் பழமையானவை. ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் கல்வெட்டிலே தாளச் சொற்கட்டுகள் வரிசையும் நிரலுமாகக் கட்டமிட்டாற்போல் அடுக்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவது. அதில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டு, ர, ரி, ரு, ரெ என உயிர் மாற்றத்துடன் எழுதப்பட்டுள்ளன. சில எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் எதனைக் குறித்தன என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. அப்புள்ளிகளை வாசிக்கத் தெரிந்த குரல் மறைந்ததும் அவற்றின் பொருளும் உடன் மறைந்தது.

கருநாடக இசையின் உயிர் தனிச் சுரத்தில் இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழியில் உள்ளது. இவ்வசைவே கமகம் எனப்படுவது. தோடி இராகத்தின் காந்தாரம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். ஆர்மோனியத்தில் அதற்குரிய கட்டையை அழுத்தினால் காந்தாரம் ஒலிக்கும், தோடி ஒலிக்காது. ஆர்மோனியத்துக்கு இக்குறை உண்டென்ற வாதம் ஓங்கியதாலேயே அகில இந்திய வானொலி 1940இல் அவ்வாத்தியத்தை விலக்கியது. 1971இலேயே அத்தடை தளரத் தொடங்கியது.

இந்த அசைவை ஏட்டில் ஏற்ற முயன்றவர்களுள் இருவர் சிறப்பாக நினைக்கப்படவேண்டியவர்கள். ஒருவர் சின்னசாமி முதலியார். அவர் 1893ஆம் ஆண்டளவில் நம் உருப்படிகளை ஐரோப்பியச் சுரக்கோட்டு முறையில் எழுதி வெளியிட்டார். மற்றவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். 1904இல் வெளிவந்த அவரது சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியிலே ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி வகுக்கப்பட்டது. கம்பிதத்துக்கு அலைபோன்ற கோடு. ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடு. அசைவை எழுத்தால் அன்றிக் கோட்டாற் காட்டவேண்டுமென்ற உணர்வு இங்கே முளைவிடுகின்றது. 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் 1947இல் சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூலும் சுருதிக் கணக்கை ஆராய்ந்தன. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் எண்ணையும் கணக்கையும் கொண்டு மறைந்த யாழை மீட்க முனைந்தது, ஓசையை இழந்த சமுதாயம் அதனைத் திரும்பப் பெறுவது எத்துணை அரிது என்பதற்குச் சான்றாகும்.

கீறி எழுப்பிய ஒலி

ஐரோப்பாவில் இம்முயற்சி வேறொரு திசையிற் சென்றது. பேசும் படம் தோன்றியபோது ஒலியானது படச்சுருளின் ஓரத்திலே ஒளியும் நிழலுமாகப் பதிவாயிற்று. பதிவான அவ்வடிவத்தை ஒருவர் கையாலேயே வரைந்தால் என்ன என்ற வினா இயல்பாக எழுந்தது. சோவியத் நாட்டில் ஆர்சனி அவ்ராமவ், எவ்கெனி ஷோல்போ முதலியோர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வாறு வரைந்து ஒலி பெற்றனர். ஜேர்மனியில் ருடால்ப் பெனிங்கரும் ஒஸ்கார் பிஷிங்கரும் 1932இல் இதே வழியைத் தனித்தனியே கண்டனர்.

பொறியியலாளரான எவ்கெனி முர்சின் 1950களின் பிற்பகுதியில் முடித்த ஏ.என்.எஸ். என்னும் கருவி தமிழருக்கு மிக நெருக்கமான ஒன்றை நினைவூட்டும். கண்ணாடித் தட்டொன்றின் மேல் கறுத்த பசை பூசப்பட்டிருக்கும். இசையமைப்பாளர் அதனைக் கூரிய முனையாற் கீறுவார். கீறல் வழியே செல்லும் ஒளி ஒலியாக மாறும். ஓலையில் எழுத்தாணியாற் கீறி மை தடவிய மரபுடையோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அக்கருவியில் ஓர் இசைத்தானத்துக்கு 72 ஒலிகள், மொத்தம் 720. பியானோவின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையிலான தூரத்தை அது ஆறாகப் பகுத்தது.

இங்கிலாந்தில் டாப்னி ஓரம் என்னும் பெண்மணி இதே கனவைக் கண்டார். 1958இல் பிபிசி வானொலி ஒலியாக்கக் கூடத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அவர், அடுத்த ஆண்டே பதவி துறந்து சொந்தமாக ஒரு பொறியை அமைக்கலானார். முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருள்களின் மேல் அவர் மையால் வரைந்த கோடுகள் சுருதி, வலிமை, ஒலிநிறம் முதலியவற்றை ஆண்டன. ஒலியின் ஒவ்வொரு நுண்ணிய ஏற்றத்தாழ்வையும் கையே தீர்மானிக்க வேண்டுமென்பது அவரது கொள்கை.

பேனாவும் சுட்டியும்

கணினியின் வரலாற்றிலே பேனாவும் சுட்டியும் ஏறத்தாழ உடன்பிறப்புகள். ராண்ட் நிறுவனத்தினர் 1964இல் அறிமுகப்படுத்திய பலகையில், பத்தங்குலச் சதுரப் பரப்பிலே பேனாவின் இடம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுள் ஒன்றாக உணரப்பட்டது. அதே 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வுகூடத்தில் மரத்தாலான முதற் சுட்டி உருவாயிற்று. 1968இல் அவர் அதனைப் பொதுமேடையிற் காட்டினார். அதே ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ் ஒளிப்பேனாவாற் கணினித் திரையில் வரைந்து இசையமைக்கும் முறையை வெளியிட்டார்.

இத்துறையின் உச்சம் 1977இற் பாரிஸ் நகரில் உருவான யூப்பிக் என்னும் அமைப்பு எனலாம். இதனைத் தோற்றுவித்த இயானிஸ் செனாகிஸ் பொறியியல் கற்றுக் கட்டடக் கலைஞரான லெ கொர்புசியேயிடம் பணிபுரிந்தவர். நரம்புக் கருவிகள் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அவரது மெற்றாஸ்ராசிஸ் என்னும் ஆக்கம் 1950களிலேயே வரைதாளில் நேர்கோடுகளாகப் பிறந்தது. யூப்பிக்கில் வரைபலகை போன்றதொரு பெரும் பலகையின்மேல் மின்பேனாவாற் கோடு வரையப்படும். இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுருதி. சுரக்கோடு வாசிக்கத் தெரியாத சிறுவரும் அதிற் கோடிழுத்து இசை செய்தனர்.

அவுஸ்திரேலியாவில் 1979இல் வெளிவந்த பெயர்லைற் என்னும் கருவியும் ஒளிப்பேனாவையே கொண்டிருந்தது. ஆனால் நிமிர்ந்த திரையின் முன் கையை நெடுநேரம் உயர்த்திப் பிடிப்பது தோளை வருத்தியது. 1985இல் வந்த அதன் மூன்றாம் வகையில் ஒளிப்பேனா நீக்கப்பட்டு, விசைப்பலகைக்கு அருகே பேனாப் பலகை இடம்பெற்றது.

அவ்வாறாயின் சுட்டி வென்றது எங்ஙனம்? விலையே முதற் காரணம். 1980களின் நடுப்பகுதியில் மலிந்த வீட்டுக் கணினிகள் சுட்டியுடனேயே விற்பனைக்கு வந்தன. பேனாப் பலகையோ நீண்டகாலம் ஓவியருக்கும் பொறியியலாளருக்கும் உரிய விலையுயர்ந்த பொருளாக இருந்தது. இரண்டாவது காரணம் 1983இல் நிலைபெற்ற மிடி என்னும் பொதுநெறி. அது விசைப்பலகை வாத்தியத்தை மனங்கொண்டு வகுக்கப்பட்டது. எந்தக் கட்டை, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பனவே அதன் அடிப்படை வினாக்கள். அதற்கேற்பத் திரையிலும் பழைய பியானோச் சுருளைப் போன்ற கட்டங்கள் தோன்றின. கட்டத்தை நிரப்பச் சுட்டி போதும். அறச்சலூர்க் கல்லிற் காணும் கட்டம் கணினித் திரையில் மீண்டும் வந்தது. எட்டயபுரத்து அலைக்கோடு வரவில்லை.

பலகையின் இயல்பு

சுட்டிக்கும் பேனாப் பலகைக்கும் உள்ள வேறுபாடு தோற்றத்தில் மட்டுமன்று. சுட்டி தான் நகர்ந்த தூரத்தை மாத்திரம் அறிவிக்கும். தூக்கி வேறிடத்தில் வைத்தால் திரையில் மாற்றமில்லை. பலகையிலோ ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளிக்கு நேராகும். ஆதலாற் கை ஓரிடத்தை நினைவிற்கொண்டு அங்கே நேராகச் செல்லும். மேலும் பேனாவை அழுத்தும் வலிமையையும் பலகை அறியும். சுட்டியை மணிக்கட்டும் முன்கையும் நகர்த்த, பேனாவை விரல்கள் நடத்துகின்றன. குழந்தைப் பருவம் முதல் எழுதிப் பழகிய விரல்கள் அவை. மணிக்கட்டு நோவினாற் பேனாவுக்கு மாறியோர், ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் சுருதி வளைவையும் ஒரே வீச்சில் வரைய முடிவதைக் கண்டு அதிலேயே நிலைத்தமை இதனாலேயே. மிடியில் சுருதி வளைவுக்கு 16,384 படிகள் உண்டு. கமகத்துக்கு வேண்டிய நுட்பம் பொதுநெறியில் முன்பே இருந்தது. அதனை இயக்கத்தக்க கையே இல்லாதிருந்தது.

குறைகளும் உள. திரையில் வரையப்பட்ட திருகுகள் சுட்டியின் நகர்வை எண்ணி அமைக்கப்பட்டவை. பலகையின் பேனா பட்டதும் அவை சில வேளைகளிற் கட்டுமீறிச் சுழலும். இரட்டைத் தட்டலும் பக்கம் உருட்டலும் பேனாவுக்கு எளியனவல்ல. பலர் இடக்கைக்கு விசைப்பலகையும் வலக்கைக்குப் பேனாவுமாக வேலையைப் பங்கிட்டுக்கொள்வது இதனாலாகும்.

கம்பளையும் காற்றிற் கரையும் பாட்டும்

இவ்வரலாறு கம்பளைக்கு எவ்வகையில் உரியது? 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிலே கோப்பித் தோட்டம் அமைத்தார். இலங்கையின் வர்த்தகப் பெருந்தோட்டத் துறையின் தொடக்கங்களுள் அது ஒன்று. அதன் வழியே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தாலாட்டையும் ஒப்பாரியையும், காமன் கூத்தையும் தப்பையும் உடன் கொணர்ந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின்னும் பாட்டு அழியவில்லை. துரையும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் அதனுட் புகுந்தன.

அப்பாடல்களின் சொற்கள் ஓரளவு காக்கப்பட்டுள்ளன. தோட்டக் கூட்டங்களிற் பாடி விழிப்பூட்டிய மீனாட்சி அம்மையாரின் பாடல்கள் சிறுநூலாக அச்சேறின. சி. வி. வேலுப்பிள்ளை பல்லாண்டு தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வெளிவந்தது. மலையகம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆயினும் அச்சிட்ட பாட்டில் மெட்டு இல்லை. அக்காலப் பாட்டுப் புத்தகங்களில் இன்ன பாட்டின் மெட்டு என்று தலைப்பிற் குறிப்பதே வழக்கம். சுட்டப்பட்ட பாட்டும் மறக்கப்பட்டால் இரண்டும் ஊமையாகும். ஒப்பாரியில் ஒரு சொல்லின் இறுதியில் குரல் சரிந்து விழுகின்ற அந்தச் சரிவுதான் அழுகை. அச்செழுத்தில் அதற்கு இடமில்லை.

ஒலிப்பதிவு இருக்கையிற் கோடு எதற்கு என வினவலாம். ஒலிப்பதிவு ஒரு நாளின் பாட்டைக் காக்கும். அப்பாட்டின் நடையைக் கற்பிக்க அது மட்டும் போதாது. கணினியே சுருதிக் கோட்டைக் கணித்துத் தருமே என்றும் கேட்கலாம். 2011இல் பார்சலோனாவிலிருந்து தொடங்கிய கொம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம் சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தாரின் துணையுடன் கருநாடக இசையில் இப்பணியைச் செய்துள்ளது. ஆனால் இயந்திரம் குரலின் நடுக்கம் அனைத்தையும் ஒரே மதிப்பிற் காட்டும். எது கமகம், எது முதுமையின் தளர்ச்சி, எது மூச்சு வாங்கல் என்று பிரித்தறிய அது அறியாது. பாட்டைப் பலமுறை கேட்டுத் தன் கையால் அதன் கோட்டை வரைபவர் ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுக்க வேண்டியவராவார். சுப்பராம தீட்சிதர் செய்ததும் இத்தகைய தெரிவே. அவருக்கு வாய்க்காத ஒரு வாய்ப்பு இன்று உண்டு: வரைந்த கோட்டை உடனே ஒலிக்கச் செய்து, பாடியவரிடமே சரிதானா என்று கேட்கலாம்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. கோடு பாட்டாகாது. குடுமியான்மலைப் புள்ளிகள் காட்டுவது போல, வாசிக்கும் செவி மறைந்தால் எந்தக் குறியும் கல்லின் கீறலே. ஆகவே பாடுவோர் உயிருடன் இருக்கும்போதே, அவர்கள் அருகிலிருந்தே அப்பணி நடைபெறல் வேண்டும். எம்பெக்கே மண்டபத்து முழக்கத்தைக் காக்க அதற்கொரு பரம்பரை இருந்தது. தோட்டந்தோட்டமாக இடம்பெயர்க்கப்பட்டு, நாடுவிட்டு நாடு அனுப்பப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் பாட்டுக்கு அத்தகைய மண்டபமும் மானியமும் வாய்த்ததில்லை. கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த முதியோர் உளர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் கைகளிற் பேனாவும் பலகையும் வந்துள்ளன. இவ்விரு தலைமுறைகளும் ஒரே திண்ணையில் அமரும் காலம் நீண்டதன்று.