வன்தட்டின் கணக்கேடு

வீட்டுக் கணிப்பொறிக்குப் புதிய வன்தட்டு ஒன்றை வாங்கிவந்து பொருத்தியவுடன் திரையில் ஒரு கேள்வி எழுகின்றது. என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்று சில பெயர்களைக் காட்டி, இவற்றுள் எம்முறையில் தட்டை ஃபார்மட் செய்யவேண்டும் என்று அது வினவும். பெரும்பாலோர் முன்னமே குறித்திருப்பதை மாற்றாமல் பொத்தானை அழுத்திவிடுவர். மந்திரச் சொற்கள் போல ஒலிக்கும் இப்பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சரித்திரம் உண்டு. அதை அறியாது தேர்ந்தவர் சில வேளை பல்லாண்டு உழைப்பை ஒரு நொடியில் இழந்து நிற்பர். ஆகையால் அச்சரித்திரத்தைப் பற்றியே மாணவ மாணவியரோடு இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

வன்தட்டு கோப்பு என்பதையே அறியாது. எண்ணிட்ட கட்டங்கள் மட்டுமே அதற்குத் தெரியும். நெடுங்காலம் ஒரு கட்டத்தின் அளவு 512 பைட்டாக இருந்தது. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவ்வளவு பெரிய பொறியிலும் 50 இலட்சம் எழுத்துகளுக்கே இடமிருந்தது. ஒரு செய்தியைப் பெறவேண்டுமானால் எந்தத் தட்டு, எந்த வட்டம் என்று எண்ணால் கேட்கவேண்டும். 'என் கட்டுரை' என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கு, எந்தப் பெயர் எந்தக் கட்டங்களில் உள்ளது என்று குறித்துவைத்த கணக்கேடு ஒன்று தேவை. நூல் நிலையத்தில் அட்டவணை செய்யும் வேலை அதுதான். அக்கணக்கேட்டை எழுதும் முறையையே கோப்பு முறைமை என்கிறோம்.

இன்றும் நம் கையிலிருக்கும் முறைகளுள் மிக முதியது ஃபேட். 1977 ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சிறு நிறுவனமாக இருந்த நாளில், மார்க் மெக்டொனால்ட் என்பவர் பிளாப்பித் தட்டுக்காக இதை அமைத்தார். இதன் கருத்து மிக எளியது. அயலூரில் வழி தேடுகிறவன் ஒரு வீட்டில் கேட்க, அவர்கள் அடுத்த வீட்டைக் காட்ட, அங்கிருப்போர் அதற்கடுத்த வீட்டைக் காட்டுவதுபோல, கோப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அடுத்த பகுதி எங்குள்ளது என்று ஓர் அட்டவணையில் எண் எழுதப்பட்டிருக்கும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சமெல்லாம் திக்குத் தெரியாமல் போகும். அதற்காகவே அட்டவணையை இரண்டு படிகளாக எழுதிவைத்தனர்.

டிம் பேட்டர்சன் என்பவர் 1980 இல் தாம் எழுதிய இயக்குதளத்தில் இக்கருத்தை எடுத்தாண்டார். அதனை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. 1981 இல் ஐ.பி.எம். வீட்டுக் கணிப்பொறியோடு அது உலகெங்கும் பரவியது. அன்றைய பிளாப்பி 160 கிலோபைட். இவ்வளவு சிறிய தட்டுக்கு எளிய அட்டவணை போதுமென்று எண்ணியதில் தவறென்ன? குழந்தைக்குத் தைத்த சட்டையை அது வளர்ந்த பின்னும் பிரித்துப் பிரித்துத் தைத்து உடுத்தியதில்தான் தொல்லை பிறந்தது. 1983 இல் 10 மெகாபைட் வன்தட்டோடு கணிப்பொறி வந்தது. உட்கோப்பகங்கள் அப்போதுதான் டாஸில் தோன்றின. அடுத்த ஆண்டில் அட்டவணை எண் 12 பிட்டிலிருந்து 16 பிட்டாகியது. ஆயினும் கட்டங்களின் தொகையைக் குறிக்கும் எண் 65,536 ஐத் தாண்டவில்லை. ஆதலின் 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டைத் துண்டாடியே ஆளவேண்டியிருந்தது. பின்னர் 2 ஜிகாபைட் வரை இடம் கிடைத்தது. கிடைத்த விதமோ விநோதமானது. அத்தனை பெரிய தட்டில் ஒவ்வொரு பங்கும் 32 கிலோபைட்டாயிற்று. நான்கு வரிக் கடிதத்தைச் சேமித்தாலும் 32 கிலோபைட் இடம் போயிற்று! 1996 இல் வந்த ஃபேட்32 இவ்வீணைப் பெரிதும் குறைத்தது.

இதற்கிடையே, 1993 ஜூலையில், விண்டோஸ் என்.டி. என்னும் இயக்குதளத்தோடு என்.டி.எஃப்.எஸ். வெளிவந்தது. டாம் மில்லர், கேரி கிமுரா முதலியோர் அதனை வகுத்தனர். கணக்கேட்டில் ஒரு மாற்றம் செய்யுமுன், தாம் செய்யப்போவது இன்னதென்று தனிக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது அதன் சிறப்பு. நடுவில் மின்சாரம் நின்றாலும், மீண்டும் இயங்கும்போது கணிப்பொறி அக்குறிப்பைப் படித்து, அரைகுறையாக நின்ற மாற்றத்தை முடித்துவைக்கும், அல்லது நீக்கிவிடும். 2012 ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை. எனினும் கணக்கேடுதான் பிழைக்கும். சேமிக்காத பக்கம் பிழைக்காது. இந்த நல்ல முறை, வீடுகளுக்குப் பரவலாக வந்துசேர 2001 இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வரவேண்டியதாயிற்று.

லினக்ஸ் உலகத்தின் கதை வேறு. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது, மினிக்ஸ் என்னும் பாடப் பயிற்சி இயக்குதளத்தின் முறையையே கையாண்டார். அதில் தட்டின் அளவு 64 மெகாபைட்டுக்கும், பெயரின் நீளம் 14 எழுத்துக்கும் மேற்செல்லா. ரெமி கார்ட் என்பவர் 1992 இல் எக்ஸ்ட் என்னும் முறையையும், 1993 இல் எக்ஸ்ட்2 ஐயும் அமைத்தார். குறிப்பேடு வைக்கும் பழக்கம் 2001 இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 இல் வந்தது. 2008 இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஐ இன்றும் பல லினக்ஸ் கணிப்பொறிகளில் காண்கிறோம்.

இனி, ஃபார்மட் செய்வது என்பது யாது? தட்டைக் கழுவித் துடைப்பது என்று பலர் நினைக்கின்றனர். விரைவு ஃபார்மட் என்பது வெறுங் கணக்கேடு ஒன்றைப் புதிதாக எழுதுவதேயாகும். நூல்களெல்லாம் அலமாரியிலேயே இருக்க, அட்டவணை மட்டும் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. 2007 இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுக்கு முன், முழு ஃபார்மட் கூடக் கட்டங்களைச் சோதித்ததேயன்றி அழிக்கவில்லை. விஸ்டா முதற்கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் சுழி எழுதப்படுகிறது. இதில் நன்மையும் உண்டு, அபாயமும் உண்டு. தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டவர், அத்தட்டில் வேறொன்றையும் எழுதாமல் நிறுத்திக்கொண்டால், சுழலும் வன்தட்டாயின் பழைய கோப்புகளைப் பெரும்பாலும் மீட்கலாம். பழைய கணிப்பொறியை விற்பவரோ, விரைவு ஃபார்மட்டை நம்பினால், குடும்பப் படங்களையும் வங்கிக் கணக்கையும் சேர்த்தே விற்றவராவார். சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டுகளில், ஃபார்மட் செய்ததுமே பழைய கட்டங்கள் வேண்டாதவை என்று தட்டுக்கு அறிவிக்கப்படுவதுண்டு. அங்கே மீட்கும் நம்பிக்கை மிகக் குறைவு.

என் உறவினர் வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, தன் நாடக விழாவின் ஒளிப்பதிவைப் பென்டிரைவில் எடுத்துச் செல்ல முயன்றாள். பதிவு 5 ஜிகாபைட். பென்டிரைவில் 20 ஜிகாபைட் காலியாக இருந்தது. ஆயினும் கோப்பு பெரிது என்று கணிப்பொறி மறுத்துவிட்டது. "மாமா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்டாள். கடைக்காரர் மீது குற்றமில்லை. அது ஃபேட்32, அதில் கோப்பின் அளவைக் குறிக்கும் இடம் 4 பைட்தான். அவ்விடத்தில் எழுதக்கூடிய பேரெண் 4 ஜிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. 160 கிலோபைட் பிளாப்பிகள் 26,000 சேர்ந்தாலன்றி எட்டாத அந்த அளவை, டாஸ் காலத்தில் யார் கனவு கண்டிருப்பர்? பென்டிரைவில் இருந்தவற்றை வேறிடத்தில் படியெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் அதனை ஃபார்மட் செய்தோம், ஒளிப்பதிவு ஏறியது.

எக்ஸ்ஃபேட் 2006 இல் பிறந்தது. அதன் விவரக் குறிப்பை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் வெளியிட்டது 2019 இல்தான். விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் மூன்றுக்குமிடையே எடுத்துச் செல்லும் தட்டுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அதில் குறிப்பேடு இல்லை; எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கணக்குக் குழம்பக்கூடும். வீட்டிலேயே இருக்கும் விண்டோஸ் தட்டுக்கு என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸுக்கு எக்ஸ்ட்4 தக்கவை. ஆப்பிள் கணிப்பொறி என்.டி.எஃப்.எஸ். தட்டைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஃபேட்32 ஒன்றே புரியுமானால், அதற்கென ஒரு சிறு பென்டிரைவை அப்படியே விட்டுவைக்கலாம்.

ஃபேட்டை முற்றிலும் விலக்கிவிட்டேன் என்று எவரேனும் சொன்னால், அவரது வன்தட்டின் பகுதிகளைக் காட்டும் பட்டியலைத் திறந்து பாருங்கள். இன்றைய வீட்டுக் கணிப்பொறி பெரும்பாலும் யு.ஈ.எஃப்.ஐ. என்னும் விதிப்படி தொடங்குகிறது. தொடக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி ஃபேட் முறையில் அமையவேண்டும் என்பது அவ்விதி. சில நூறு மெகாபைட் அளவில், பெரும்பாலும் பட்டியலின் தலைப்பில், அப்பகுதி இருக்கும்.