ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைச் சுற்றுலா

ஸ்காட்லாந்தில் 140க்கும் மேற்பட்ட விஸ்கி வடிசாலைகள் இயங்குகின்றன. ஒரே வாரத்தில் எல்லாப் பகுதிகளையும் எட்டிப் பார்த்துவிட நினைப்பவர்களின் நேரம் பெரும்பாலும் மலைச் சாலைகளிலும் படகுத்துறைகளிலுமே கரைந்துவிடும். ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி, ஒரு நாளுக்கு இரண்டு வடிசாலை. இதற்கு மேல் திட்டமிடாமல் இருப்பது நல்லது.

ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என ஐந்து பகுதிப் பெயர்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன. ஸ்கை தீவின் டாலிஸ்கரும் ஆர்க்னி தீவின் ஹைலண்ட் பார்க்கும் சட்டப்படி ஹைலண்ட் கணக்கில்தான் வரும். இரண்டுக்கும் நடுவே கடல் இருக்கிறது. ஒரு முழுநாள் பயணமும் இருக்கிறது.

முதல்முறை செல்பவர்களுக்கு ஸ்பேசைட்டே வசதி. ஸ்பே ஆற்றை ஒட்டிய இந்தச் சிறு வட்டாரத்தில் 50க்கு மேற்பட்ட வடிசாலைகள் நெருங்கி நிற்கின்றன. மலை மடிப்புகளில் திருட்டுத்தனமாக வடித்துக்கொண்டிருந்த ஊர் இது. 1823இல் வரிச் சட்டம் தளர்ந்ததும், மறு ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் கிளென்லிவெட்டில் உரிமம் பெற்றார். டஃப்டவுனில் உள்ள கிளென்ஃபிடிக் 1969இல் பார்வையாளர்களுக்குக் கதவைத் திறந்தது. கிரெய்கெலக்கியில் உள்ள பீப்பாய்ப் பட்டறையையும் தவறவிடக் கூடாது. பழைய ஓக் பீப்பாய்களைப் பிரித்து, பழுதான பலகையை மாற்றி, இரும்பு வளையத்தை அடித்து இறுக்கும் வேலையை மேலே நின்று பார்க்கலாம். விஸ்கியின் நிறமும் மணமும் பெருமளவு அந்த மரத்திலிருந்தே வருகின்றன.

ஐலா வேறு உலகம். கென்னகிரெய்க் துறையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கப்பல் பயணம். போர்ட் எல்லனில் இறங்கினால் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றையும் கடலோர நடைபாதையிலேயே சென்று காணலாம், கார் தேவையில்லை. லஃப்ராய்கில் தங்களுக்கு வேண்டிய பார்லியில் ஒரு பங்கை இன்றும் தரையில் பரப்பியே முளைகட்டுகிறார்கள். வேர்கள் பின்னிக்கொள்ளாதபடி அதை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். பிறகு சூளை மேல்தளத்தில் அதைக் கொட்டி, கீழே பீட் எனும் சதுப்புநிலக் கரியை மூட்டுகிறார்கள். அந்தப் புகைதான் கோப்பை வரை வருகிறது. மே மாதக் கடைசியில் தீவுத் திருவிழா நடக்கும். அப்போது அறையும் கப்பல் இடமும் பல மாதம் முன்பே பதிவாகிவிடும்.

ஐலாவோடு கேம்பல்டவுனை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கென்னகிரெய்க் துறைக்கும் கேம்பல்டவுனுக்கும் ஒரே சாலைதான். 19ஆம் நூற்றாண்டில் 20க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்த அந்தத் துறைமுக ஊரில் ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும்தான் 1930களின் சரிவைத் தாண்டின. முளைகட்டுவதிலிருந்து புட்டியில் அடைப்பது வரை எல்லாம் ஒரே வளாகத்தில் நடப்பதால், தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஸ்பிரிங்பேங்குக்குக் கட்டாயம் போக வேண்டும்.

லோலண்டுக்கு அரை நாள் போதும்: எடின்பரோவிலிருந்து கிளென்கிஞ்சி, கிளாஸ்கோவிலிருந்து ஆக்கன்டாஷன்.

கோடையில் பல வடிசாலைகள் பராமரிப்புக்காகச் சில வாரம் உற்பத்தியை நிறுத்திவிடும். சுற்றிக் காட்டுவார்கள், ஆனால் செம்பு வாலைகள் குளிர்ந்து கிடக்கும். எனவே முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுபவர் சுவைக்கவே கூடாது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலே உச்ச வரம்பு. அவருடைய பங்கைச் சிறு குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல வடிசாலைகளில் உண்டு.