ஒரே நிலம், இரண்டு ஏடுகள்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், சுமார் 20 கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை வருகிறது. பின்னர் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை. அதனை அடுத்துக் களியக்காவிளை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. மண்ணின் நிறத்திலும் தென்னந்தோப்பின் நிழலிலும் யாதொரு மாற்றமும் தெரிவதில்லை. ஆனால் அந்நிலத்தைக் குறித்து எழுதப்பட்ட ஏடுகள் மட்டும் எல்லைக்கோட்டில் மொழி மாறிவிடுகின்றன.

இந்த எல்லை 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பிறந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் அதன் தலைவர் மார்ஷல் நேசமணியும் நடத்திய கிளர்ச்சியையும், 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் நேயர்கள் அறிவீர்கள். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்திலேயே நின்றது. அன்று வரை ஒரே அரசின் குடிகளாய், ஒரே கச்சேரியில் வரி செலுத்தியவர்கள் இரு மாநிலத்தவர் ஆயினர். அண்ணன் வீடு பாறசாலையில், தம்பி வீடு களியக்காவிளையில் என்னும் குடும்பங்களுக்கு அன்றிலிருந்து இரண்டு கணக்குகள். அங்கே தண்டப்பேர் எண், இங்கே பட்டா எண். அங்கே மலையாள எழுத்து, இங்கே தமிழ் எழுத்து. விளவங்கோட்டுப் பக்கத்திலும் பழைய ஆதாரங்கள் பல மலையாளத்திலேயே எழுதப்பட்டவை. அவற்றை வாசித்துச் சொல்ல இன்று முதியவர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் உள்ள அன்பர்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். பாட்டனார் பெயரில் உள்ள பத்து சென்ட் நிலத்தைத் தேடி ஊர் திரும்பும் பேரன் எதிர்கொள்ளும் முதல் தடை, ‘இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவர்தாமா?’ என்னும் கேள்வியே. அக்கேள்விக்கு விடை தருவதற்கு ஏற்ற கருவிகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. செய்திகளை அட்டவணைகளாக அடுக்கி வைத்து, கேட்டபோது கேட்டபடி எடுத்துத் தரும் கணிப்பொறி ஏட்டிற்குத் தரவுத்தளம் என்று பெயர். பெரிய நிறுவனம் எதனையும் சாராமல், தனியொருவராய் அமர்ந்து அதனை அமைப்பவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் கையில் உள்ள கருவிகளின் வரலாற்றை எல்லைக் கிராமங்களின் கண்கொண்டு நோக்குவோம்.

பாறசாலைக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்னும் ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே திருமால் கோயிலும் சாலை என்னும் கல்விநிலையமும் நிறுவிய செய்தியைக் கூறும் செப்பேடு, திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஹஜூர் செப்பேடு என்று பெயர் பெற்றது. டி. ஏ. கோபிநாத ராவ் அதனைப் பதிப்பித்தார். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்னும் நிலத்தை மன்னன் பெற்று, ஈடாக வேறு நிலம் கொடுத்தான் என்கிறது அச்செப்பேடு. சாலையில் 95 சட்டருக்கு இடம். அவற்றில் பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வருகிறது. கொடுத்தவர், பெற்றவர், நிலம், ஈடு, பங்கு, நாள் என்று ஒவ்வொரு செய்தியையும் அதனதன் இடத்தில் வைத்த அவ்வேட்டினை ஒரு தரவுத்தளத்தின் முன்னோடி என்றால் மிகையாகாது. அதன் ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ், எழுத்தும் இருவகை. இரு மொழியில் ஏடு வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று!

வியப்புக்குரியது நாள் குறித்த முறை. கலியுகம் தொடங்கி 14,49,087ஆவது நாள் என்று செப்பேடு சொல்கிறது. அது கி.பி. 866ஆம் ஆண்டு. மாதமும் பட்சமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். தொடர்ந்து எண்ணிய நாள் மாறுவதில்லை. இன்றைய தரவுத்தளங்களும் இவ்வாறே செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருள், 2000 ஜனவரி 1ஆம் நாளிலிருந்து எத்தனை நாள் என்ற ஒரே எண்ணாகத் தேதியைச் சேமிக்கிறது. எஸ்க்யூலைட் என்னும் மற்றொன்று, வானநூலார் வழங்கும் ஜூலியன் நாளெண்ணைக் கொண்டு தேதிகளைக் கணிக்கிறது. கலிநாளுடன் மாறாத ஓர் எண்ணைக் கூட்டினால் ஜூலியன் நாள் வந்துவிடும்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. எல்லைக் கிராமங்களின் பழைய ஆதாரங்கள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, முதல் நாளில் தொடங்குகிறது. ஆகவே ஆகஸ்ட் நடு முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை 825ஐயும் கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர், கொல்லம் 1132. மாதப்பிறப்பைக் கணிக்கும் விதி தமிழருக்கும் மலையாளிகளுக்கும் வேறாதலின், சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. இந்த நுட்பம் அறியாமல் எல்லாவற்றிற்கும் 825ஐக் கூட்டி எழுதிவிட்டால், மூத்த ஆதாரம் இளையதாகிவிடும். வழக்குகளில் அவ்வொரு வேறுபாடே போதும். எனவே ஆதாரத்தில் கண்ட நாளை அப்படியே ஒரு பத்தியிலும், கணித்த நாளெண்ணை மற்றொரு பத்தியிலும் எழுதுவதே முறை.

இனி, தரவுத்தளம் பிறந்த கதை. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை எல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தனித்த அடையாளம் ஒன்று வேண்டும். ஓர் அட்டவணையை மற்றொன்றோடு அவ்வடையாளத்தால் பிணைக்கலாம் என்பது அதன் சாரம். 1974இல் சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவர் அதற்குக் கேள்விமொழி ஒன்றை வகுத்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது.

காட் கூறிய ‘தனித்த அடையாளம்’ என்பதில்தான் நம் எல்லைக் கிராமத்தாரின் வாழ்வே அடங்கியிருக்கிறது. பெயரை அடையாளமாகக் கொண்டால் ஏடு குலைந்துவிடும். ஏனெனில் பெயர் மாறும், எழுத்து மாறும், தந்தையின் பெயரெழுத்தை முன்னே இடும் வழக்கமும், வீட்டுப்பெயரை முன்னே இடும் வழக்கமும் ஒரே குடும்பத்தில் நிலவும். தண்டப்பேர் எண்ணையும் பட்டா எண்ணையும் அடையாளமாகக் கொள்வதும் தவறு; அவை நிலக் கணக்கின் எண்கள், மனிதரின் எண்கள் அல்ல. ஆளுக்கென்று பொருளற்ற ஓர் எண்ணை நாமே இட்டு, அவர் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டுள்ளதோ அத்தனையையும் வேறோர் அட்டவணையில் அவ்வெண்ணோடு பிணைத்து வைக்க வேண்டும். எந்த ஏட்டில், எந்த எழுத்தில், எந்த ஆண்டில் அவ்வாறு எழுதப்பட்டது என்பதும் உடன் இருத்தல் வேண்டும்.

இதற்கான மென்பொருள்கள் ஒரு காலத்தில் பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியவையாய் இருந்தன. அந்நிலை மாறியது பல்கலைக்கழகங்களாலும், தனிமனிதர் சிலரின் பிடிவாதத்தாலும். கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கினார். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர் அதனுள் எஸ்.க்யூ.எல். மொழியைப் புகுத்தினர். 1996 முதல் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் பெயரில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து வருகிறது. எஸ்க்யூலைட்டின் வரலாறு இன்னும் சுவையானது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் ஈடுபட்டிருந்தார். தரவுத்தளத்தை நடத்தும் வழங்கி அடிக்கடி நின்றுவிட, அதனால் தம் மென்பொருளும் நிற்பதைக் கண்டு சலித்து, வழங்கியே வேண்டாத தரவுத்தளம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் ஆக்கினார். அதனை எவருக்கும் உரிமையின்றிப் பொதுவுடைமையாக விட்டுவிட்டார். ஒரு கிராமத்தின் ஏடு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கைபேசியிலும் எடுத்துச் செல்லலாம். தரவுகளை நெடுங்காலம் காப்பதற்கு ஏற்ற வடிவங்களுள் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதனைப் பரிந்துரைத்துள்ளது. தனியாளாக வேலை செய்பவர் இதிலேயே தொடங்கலாம் என்பது நம் கருத்து. ஆணைகளை எழுதிப் பழகாதவர்க்கு டிபி பிரௌசர், டிபீவர் முதலிய இலவசக் கருவிகள் துணை நிற்கும்.

இத்தகைய கட்டற்ற மென்பொருள் இயக்கம் இந்தியாவில் கால்கொண்ட இடமும் நெய்யாற்றின்கரைக்கு அண்மையதே. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை தொடங்கப்பட்டது.

மென்பொருள் கிடைத்தாயிற்று. எழுத்து? 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசு வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றி, தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியது. அதனால் ஒரே அட்டவணையில் இரு எழுத்தும் அருகருகே நிற்க முடிகிறது. ஆயினும் ஒரு கண்ணி உண்டு. மலையாளத்தில் சொல்லின் இறுதியில் வரும் ‘ன்’, ‘ர்’, ‘ல்’ போன்ற எழுத்துகளைச் சில்லு என்பர். கிருஷ்ணன், தங்கப்பன், செல்லப்பன் என இப்பகுதியில் மிகுதியும் வழங்கும் பெயர்கள் யாவும் சில்லில் முடிபவை. தொடக்கத்தில் சில்லுக்குத் தனி இடம் இல்லை. மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினர். 2008இல் தனி இடம் தரப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு. 2005இல் தட்டெழுதிய தங்கப்பனை 2015இல் தட்டெழுதித் தேடினால் அகப்படமாட்டார்!

தமிழிலும் இத்தொல்லை இல்லாமல் இல்லை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. போஸ்ட்கிரெஸ் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அவ்விதிப்படி சீர்செய்து தருகிறது. ஆனால் மலையாளச் சில்லுக்கும், நம் ‘ஸ்ரீ’ எழுத்தின் இருவகைக் குறியீட்டுக்கும் அவ்விதி பொருந்தாது. அவற்றுக்கு மாற்று அட்டவணையைத் தரவுத்தளம் அமைப்பவரே எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத்தை எழுத்தாக மாற்றும் கருவிகளும் உள்ளன. அக்ஷரமுகா என்னும் இணையக் கருவி மலையாளத்தைத் தமிழாகவும், தமிழை மலையாளமாகவும் நொடியில் மாற்றித் தரும். இதனை மதித்துப் பயன்படுத்தலாம். ஆனால் நம்பி ஒப்படைத்தல் ஆகாது. மலையாளத்தில் நான்கு ககரங்கள்; தமிழில் ஒன்றே. மலையாளக் கோபாலன் தமிழுக்கு வந்தால் தன் முதல் ஒலியின் அடையாளத்தை இழக்கிறார். தமிழ்க் கோபாலனைக் கருவி மீண்டும் மலையாளமாக்கினால் வல்லொலியோடு வேறொருவராய்த் திரும்பி வருகிறார். எனவே கருவி தந்த வடிவம் தேடுவதற்கு உதவும் தனிப்பத்தியில் இருக்கட்டும். ஏட்டில் கண்ட பெயரின்மேல் அதனை ஒருபோதும் எழுதக்கூடாது.

ஒலியால் பெயர் தேடும் முறை பழையது. 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் என்னும் அமெரிக்கர் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார்; பின்னர் அந்நாட்டுக் குடிக்கணக்கு ஏடுகளுக்கு அது பயன்பட்டது. ஆங்கில ஒலிகளுக்கென எழுந்த அம்முறையை இன்றும் நம் பெயர்களுக்கு இட்டுப் பார்ப்போர் உளர், பயன் இல்லை. சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் இந்திய எழுத்துகளுக்கென்று அத்தகைய முறையொன்றை ஆக்கி, இலவசமாக வெளியிட்டுள்ளனர். வெவ்வேறு எழுத்தில் உள்ள ஒரே பெயரை அது பொருத்திக் காட்டும். போஸ்ட்கிரெசில் மும்மூன்று எழுத்தாக ஒப்பிட்டு நெருங்கிய பெயர்களைத் தரும் வசதியும் உண்டு. இவை தருவன எல்லாம் ஐயங்களே. முடிவு ஊரறிந்த மனிதரின் வேலை.

ஊர்ப்பெயர்களுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம் நல்ல துணை. பாறசாலை, பாறசாலா என்று வெவ்வேறாக எழுதப்படும் ஊரை, ஒரே புள்ளியில் தமிழ்ப் பெயரோடும் மலையாளப் பெயரோடும் அதில் குறிக்கலாம். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் இட்டு எல்லா மொழிப் பெயர்களையும் அதன்கீழ் வைக்கிறது. காட் வகுத்த நெறியேதான். நில எல்லைகளைப் படமாகக் காண க்யூஜிஐஎஸ் போதும்.

அரசு ஏடுகளும் இன்று இணையத்தில் உள்ளன. கேரளத்தார் தண்டப்பேர்க் கணக்கையும் தமிழ்நாட்டார் பட்டா, சிட்டாவையும் வெளியூரிலிருந்தே பார்க்கலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுத இடமளிக்கிறது. தமிழில் விண்ணப்பிக்க எண்ணும் அன்பர் அதனை நினைவிற் கொள்க. ஒரு மாநிலத்தின் ஏடு மற்றதன் பெயர் வடிவத்தை அறியாது. அவ்விடைவெளியை நிரப்பும் பணி ஊர்ச் சங்கங்களுக்கும், கணிப்பொறி கற்ற நம் இளைஞர்க்கும் உரியது. உயிரோடிருப்பவரின் விவரங்களை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவை வற்புறுத்துகிறது.

பம்பாயிலோ தில்லியிலோ உள்ள ஒரு சங்கம் இதனைத் தொடங்க விரும்பினால் ஆறு பத்திகள் போதும்: நாம் இட்ட எண், ஏட்டில் கண்ட பெயர், அது எழுதப்பட்ட எழுத்து, ஏட்டில் கண்ட நாள், கணித்த நாளெண், ஆதாரம் யாரிடம் உள்ளது என்பது. முதியோர் வீடுகளில் உள்ள ஆதாரங்களைப் படமெடுத்து அக்கோப்போடு சேர்த்துக்கொள்ளலாம். ஈரமும் கரையானும் மிகுந்த ஊர்களாதலின், இவ்வேலையை ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும்போதே தொடங்குவது நலம்.