பர்வாவும் பிணையும்: கஃபாலா முறையின் தோற்றம் குறித்து

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்த எவருக்கும் கஃபீல், இக்காமா, ரிலீஸ், என்.ஓ.சி. என்பவற்றை விளக்க வேண்டியதில்லை. கஃபீல், அதாவது வேலை தருபவரே, தொழிலாளியின் குடியிருப்பு அனுமதிக்குப் பொறுப்பாளி. அண்மைச் சீர்திருத்தங்கள்வரை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் இன்னொருவரிடம் சேர முடியாமல் இருந்தது. வேலை போனால் அந்த மண்ணில் இருக்கும் உரிமையும் போய்விடும். கஃபாலா எனப்படும் இந்த முறை எங்கிருந்து வந்தது? அது பாலைவனக் குடிகளின் அடைக்கல வழக்கத்தின் நீட்சி என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்நியனுக்கு இடம் கொடுத்தவன் அவன் செய்கைக்கும் பொறுப்பேற்றான், அதுவே பின்னாளில் சட்டமாயிற்று என்பது விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. கூடாரத்தில் விருந்துண்டு போனவனுக்கும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கம்பி கட்டுபவனுக்கும் இடையிலான தொலைவைத்தான் அது கணக்கில் கொள்வதில்லை. பிரிட்டிஷ் காலத்து ஆவணங்களைக் கொண்டு ஒமர் அல்-ஷிஹாபி 2019இல் வெளியிட்ட கட்டுரை இந்த விளக்கத்தைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தது. கஃபாலா பழங்குடி மரபு அல்ல, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் அதிகாரிகள் குறிப்பாக பஹ்ரைனில் கையாண்ட மலிவான காவல் ஏற்பாடு என்பது அவர் முடிவு. அவர் விளக்குவது இந்த முறையின் ஒரு பாதியை மட்டுமே. தொழிலாளியைக் கட்டிப்போடும் மறுபாதி அவருடைய விளக்கத்துக்குள் வரவில்லை என்பது என் வாதம்.

அவருடைய தரப்பை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிட வேண்டும். 1913இல் பிறப்பிக்கப்பட்டு, போரினால் தள்ளிப்போய் 1919இல் நடைமுறைக்கு வந்த அரச ஆணை, பஹ்ரைனில் இருந்த அயலார் மீதான நீதி அதிகாரத்தை பிரிட்டிஷ் அரசியல் ஏஜெண்டிடம் கொடுத்தது. ஷேக்கின் குடி யார், அயலார் யார் என்று பிரிக்க வேண்டிய தேவை அதனால் கூர்மையடைந்தது. பாரசீகக் கரையிலிருந்தும் நஜ்திலிருந்தும் முத்துப் பருவத்துக்கு வந்துபோனவர்கள் இப்போது ஒரு நிர்வாக வகையாக மாறினார்கள். அவர்களைக் கண்காணிக்கப் போதுமான ஆளும் பணமும் ஏஜெண்டிடம் இல்லை. ஆகவே ஆளைக் கொண்டுவந்தவனே ஆளுக்குப் பொறுப்பு என்ற ஏற்பாடு வந்தது. முத்துப் படகை நடத்திய நகுதாக்களில் தொடங்கிய இந்தப் பொறுப்பு, 1932இல் எண்ணெய் கண்ட பிறகு எண்ணெய்க் கம்பெனிமீதும் ஒப்பந்தக்காரர்கள்மீதும் ஏறியது. இந்தியாவிலிருந்து வருபவருக்கு ஏஜெண்டின் ஆட்சேபணையில்லாச் சான்று தேவைப்பட்டது. சார்லஸ் பெல்கிரேவ் 1926 முதல் 1957 வரை பஹ்ரைன் ஷேக்குக்கு ஆலோசகராக இருந்த முப்பது ஆண்டுகளில் இந்தக் காகித வழக்கம் வேரூன்றியது. அடைக்கல மரபுக் கதையைவிட இது எவ்வளவோ மேல். தேதியும் அலுவலகமும் காரணமும் உள்ள வரலாறு.

நான் முரண்படுவது இந்த வரலாற்றோடு அல்ல, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு. கஃபாலா என்ற ஒரே பெயருக்குள் இரண்டு உறவுகள் இருக்கின்றன. ஒன்று, பொறுப்பாளி அரசுக்குக் கொடுக்கும் பிணை: இவனை நான் அழைத்தேன், இவன் தொல்லை கொடுத்தால் திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது. மற்றொன்று, தொழிலாளிமீது பொறுப்பாளிக்கு உள்ள பிடி: நான் விடுவிக்காமல் இவன் வேறிடம் போகக் கூடாது. அல்-ஷிஹாபி காட்டும் ஆவணத் தொகுதியின் பாரம் முதலாவதன் மேல்தான் விழுகிறது. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானே வந்துவிடும் என்று அவர் எடுத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. அப்படி வந்துவிடாது. காவல்துறையின் நோக்கிலிருந்து பார்த்தால், ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகும் ஆளுக்குப் புதியவர் பிணை எழுதிக்கொடுத்தால் போதும். பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார், அரசுக்கு நட்டமில்லை. பழைய முதலாளியின் சம்மதம் காவலுக்குத் தேவையே இல்லாத ஒன்று. மலிவான காவல் என்ற காரணம் பிணையை விளக்குகிறது, விடுவிப்பை விளக்கவில்லை. ஏஜெண்ட் கொடுத்த ஆட்சேபணையில்லாச் சான்றையும் பின்னாளில் முதலாளி கொடுத்த என்.ஓ.சி.யையும் ஒரே கோட்டில் வைப்பதில் உள்ள இடறலும் இதுதான். முன்னது ஒருவன் உள்ளே வருவதற்கு அரசு சொன்ன சம்மதம். பின்னது உள்ளே இருப்பவன் வேலை மாறுவதற்குத் தனியார் ஒருவர் சொல்லும் சம்மதம். எழுதுபவரும் மாறிவிட்டார், எதற்காக எழுதுகிறார் என்பதும் மாறிவிட்டது.

அப்படியானால் விடுவிப்பு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் கோப்புகளுக்கு வெளியே, வளைகுடாவின் முத்துத் தொழிலிலேயே அதற்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் பர்வா. பருவம் தொடங்குமுன் நகுதாவிடம் குளியாளும் கயிறிழுப்பவனும் முன்பணம் வாங்குவார்கள். பருவ முடிவில் அவர்கள் பங்கு அந்தக் கடனில் கழியும். பெரும்பாலும் கழிந்து தீராது, அடுத்த பருவத்துக்கு நீளும். கடன் நிற்கும்வரை அவன் வேறு படகில் ஏற முடியாது. ஏற வேண்டுமானால் பழைய நகுதாவிடமிருந்து பர்வா வாங்கி வர வேண்டும். இவனுக்கு என்னிடம் கடன் இல்லை, அல்லது இவ்வளவு கடன் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். கடன் இருந்தால் புதிய நகுதா அந்தத் தொகையைப் பழையவருக்குக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்வார். பர்வா இல்லாதவனை ஏற்றிய நகுதா அவன் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கடலோர வழக்கமாக இருந்த இவை 1940இல் குவைத்தில் எழுத்துச் சட்டமாகவே ஆக்கப்பட்டன. ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் 1929க்குப் பிந்தைய மந்தநிலையும் தொழிலைக் குலைத்த பிறகே சட்டம் வந்தது என்பது ஒரு வேடிக்கை.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் ஏஜெண்டுகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1920களின் முற்பகுதியில் பஹ்ரைனில் ஏஜெண்டாக இருந்த மேஜர் டேலி முன்வைத்த சீர்திருத்தங்களின் சாரம், ஒவ்வொரு குளியாளுக்கும் கணக்குப் புத்தகம், முன்பணத்துக்கும் வட்டிக்கும் வரம்பு என்பதே. அதாவது நகுதாவின் பிடியைத் தளர்த்துவது. அதற்கு மனிதாபிமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பெருங்குடும்பங்களின் அதிகாரத்தைக் குறைப்பதும் நோக்கமாக இருந்திருக்கும். முன்பணம் குறைந்ததால் குளியாட்களே கொந்தளித்தார்கள் என்பதும், 1932இல் மனாமாவில் கலகம் மூண்டது என்பதும் தெரிந்தவையே. ஆனால் நகுதாவிடம் காவல் பொறுப்பை ஒப்படைத்த அதே நிர்வாகம், ஆளைக் கடனால் கட்டும் அதிகாரத்தை அவரிடமிருந்து பறிக்க முயன்றது. பிணையும் பிடியும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை. அல்-ஷிஹாபியின் ஒற்றைக் கோட்டில் இந்த முரணுக்கு இடம் கிடைப்பது கடினம்.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு கால இடைவெளி. முத்துத் தொழில் 1940களில் ஒடுங்கிவிட்டது. முதலாளியின் சம்மதத்தைக் கேட்கும் குடியிருப்புச் சட்டங்களோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வருகின்றன. பர்வாவிலிருந்து ரிலீசுக்கு நேராகக் கோடு இழுக்கும் ஆவணம் எதையும் நான் காட்டப்போவதில்லை. ஆனால் வழக்கங்கள் ஆவணங்களில் மட்டும் தங்குவதில்லை, அவற்றை நடத்திய குடும்பங்களிலும் தங்குகின்றன. முத்துக்கு முதல் போட்ட வணிகக் குடும்பங்கள் பலவும்தான் எண்ணெய்க் காலத்தில் ஒப்பந்தக்காரர்களாகவும் இறக்குமதியாளர்களாகவும் ஆயின. ஆளுக்கு முன்கூட்டியே செலவு செய்தவனுக்கு அந்த ஆள்மேல் உரிமை உண்டு, போகிறவன் பழையவரின் கடிதத்தோடு போக வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. முன்பணம் இருந்த இடத்தில் இப்போது விமானச் சீட்டும் விசாச் செலவும் இருந்தன.

பிணைக்கும் ஒரு முன்வரலாறு உண்டு; அது பஹ்ரைனில் அல்ல, இந்தியாவில் இருக்கிறது. வளைகுடாவை மேற்பார்த்த பிரிட்டிஷ் ரெசிடென்சி 1947வரை டெல்லி அரசின் கீழ் இருந்தது. அதே அரசின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், கூலி வேலைக்கு ஆள் அனுப்ப அறிவிக்கப்பட்ட நாடுகளை மட்டும் அனுமதித்தது. இலங்கையும் மலாயாவும் அந்த வகையில் வந்தன. வளைகுடாவுக்குப் போன கைவினைஞர், எழுத்தர், வீட்டு வேலையாள் ஆகியோர் வேறொரு வகை. அவர்களை அழைப்பவர் ஒப்பந்த விவரங்களோடு விண்ணப்பித்து, அவை நிறைவேறவும் ஆட்கள் சரிவர நடத்தப்படவும் இந்தியாவிலேயே பிணை தர வேண்டும். ஷேக்கின் குடிகளையும் பிரிட்டிஷ் பிரஜைகளையும் முன்னுரிமையோடு வேலைக்கு வைக்க எண்ணெய்க் கம்பெனிகள் அரசியல் ஒப்பந்தங்களால் கடமைப்பட்டிருந்தன. ஆகவே பம்பாய் வழியாகப் போன இந்தியர் தொகை சிறியதல்ல. அந்த ஆட்களுக்காகக் கம்பெனி எழுதிய பிணை யாருக்காக? தொழிலாளிக்காக. அவனை அந்நிய மண்ணில் கைவிடக் கூடாது என்பதற்காக. பஹ்ரைன் ஏஜெண்டின் மேசைக்கு வரும்போது, திருப்பி அனுப்பும் அதே பொறுப்பு அரசின் பாதுகாப்புக்கான பிணையாகத் திரும்பிவிடுகிறது. பம்பாயின் குடிபெயர்வோர் பாதுகாவலரும் வளைகுடா ஏஜெண்டும் ஒரே அரசின் ஊழியர்கள் என்பதால், ஒன்றின் வாசகம் மற்றதற்குப் போயிருக்கும் என்று கருதுகிறேன். இது என் வாதத்தின் மெலிந்த கண்ணி என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் பிணை காவலில்தான் பிறந்தது என்று சொல்பவர்கள், அதற்கு முன்பே பாதுகாப்புக்காக இருந்த பிணையை எங்கே வைப்பார்கள் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு இழைகளும் ஒன்றாக முறுக்கப்பட்டது எப்போது? பிரிட்டிஷ் அதிகாரம் விலகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் என்பது என் கணிப்பு. குவைத்தின் 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,06,473 பேரில் 92,851 பேர் அயலார். இரண்டு ஆண்டுகளில், 1959இல், குடியுரிமைக்கான 15ஆம் எண் ஆணையும் அயலார் குடியிருப்புக்கான 17ஆம் எண் ஆணையும் அடுத்தடுத்து வந்தன. குடி யார் என்று வரையறுத்த கையே அயலார் எப்படி இருக்கலாம் என்றும் எழுதியது. கத்தாரில் 1963, பஹ்ரைனில் 1965, ஐக்கிய அரபு அமீரகத்தில் 1973 என்று அயலார் குடியிருப்புச் சட்டங்கள் தொடர்ந்தன. குவைத், கத்தார், பஹ்ரைன் சட்டங்கள் மூன்றும் பிரிட்டிஷ் பாதுகாப்பு நீடித்தபோதே வந்தவை என்பதால், அல்-ஷிஹாபி பக்கம் பேசுபவர் அவற்றையும் பேரரசின் கணக்கில் எழுதலாம். அப்படியானால் சவூதி அரேபியா இடிக்கும். பிரிட்டிஷ் நீதி அதிகாரம் ஒருபோதும் செல்லாத அந்த நாட்டில் 1952இலேயே குடியிருப்புச் சட்டம் வந்துவிட்டது. குடியிருப்பு அனுமதிக்கு இக்காமா என்ற பெயரே அங்கிருந்துதான் நம் ஊர்களுக்கு வந்தது. பக்கத்து நாட்டைப் பார்த்துச் செய்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அயலாருக்கான அதிகாரத்தை ஏஜெண்டிடமிருந்து பெறாத ஓர் அரசும் அதே வடிவத்தை எட்டியது என்றால், தேட வேண்டிய காரணம் ஏஜெண்டின் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது.

அமீரகத்தின் 1973ஆம் ஆண்டு 6ஆம் எண் சட்டத்தில் 11ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவரிடமோ ஒரு நிறுவனத்திடமோ வேலை செய்ய விசா பெற்ற அயலார், அவருடைய எழுத்துச் சம்மதமும் குடியேற்றத் துறையின் ஒப்புதலும் இல்லாமல் வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது அதன் சாரமாக இருந்தது. அரசின் ஒப்புதல், முதலாளியின் சம்மதம் என்று இரண்டும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. சட்டத்தை எழுதியவர்களுக்கே இவை இரண்டு என்பது தெரிந்திருக்கிறது. முன்னதில் ஏஜெண்டின் காவலைக் காணலாம். பின்னதில் நகுதாவின் கடிதத்தை. இந்தச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டது. புழக்கத்தில் உள்ள பிரதிகள் திருத்தங்களைச் சேர்த்து அச்சிடப்பட்டவை. எனவே வாசகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் 1973 என்று தேதியிட நான் துணியவில்லை. முதலாளியின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பது எந்த ஆண்டில் உறுதிப்பட்டது என்ற கேள்வி திறந்தே இருக்கட்டும். பர்வாவோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். பர்வாவில் ஒரு தொகை உண்டு. அதைக் கட்டினால் பழைய நகுதா மறுக்க முடியாது. 11ஆம் பிரிவில் தொகை இருக்கவில்லை. கடனே இல்லாதவனையும் காரணம் சொல்லாமல் மறுக்க முடிந்தது. நகுதாவிடம் பட்ட கடன் தந்தையிடமிருந்து மகனுக்கும் இறங்கியது, அதில் என்ன விடுதலை என்று கேட்கலாம். நடைமுறையில் உண்மைதான். ஆனால் கணக்கு தவறென்று ஒரு நீதிமன்றத்தில் வாதிட இடமிருந்தது. சம்மதம் தர மறுத்ததைத் தவறென்று வாதிட எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

சட்டத்திலிருந்து விழுந்த தொகை சந்தையில் முளைத்தது. ஃப்ரீ விசா என்ற பெயரில் கஃபீலின் பெயரை மட்டும் வாங்கி, ஆண்டுதோறும் அவருக்குப் பணம் கட்டி, வெளியே வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு எல்லா வளைகுடா நாடுகளிலும் சட்டவிரோதம். எல்லா நாடுகளிலும் நடந்தது. சீர்திருத்தங்களிலும் இதே நூலைத் தொடரலாம். பஹ்ரைன் 2009இல் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற வழி செய்தது. சவூதி 2021 மார்ச்சில் ஒரு பகுதித் தொழிலாளர்களுக்கு அதைச் செய்தது. வீட்டு வேலையாட்கள் வெளியே நின்றார்கள். கத்தாரின் 2020ஆம் ஆண்டு ஆணைகள் முதலாளியின் என்.ஓ.சி.யை நீக்கி, இரண்டு ஆண்டுவரை வேலை செய்தவருக்கு ஒரு மாதம், அதற்கு மேல் செய்தவருக்கு இரண்டு மாதம் என்று முன்னறிவிப்பை மட்டும் வைத்தன. அந்த ஆணைகளிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது. தகுதிகாண் காலத்தில் ஒருவர் வேலை மாறினால், ஆள்சேர்ப்புச் செலவில் ஒரு பங்கையும் விமானச் சீட்டையும் புதிய முதலாளி பழையவருக்குத் தர வேண்டும். ஆனால் அது இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஆளை எடுப்பவர் ஆளை விட்டவருக்கு, வரம்பு கட்டிய ஒரு தொகையைத் தருகிறார். காவலை மட்டும் தோற்றுவாயாகக் கொண்டால் இந்த விதி அங்கே ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியாது.