2007 செல்லப்பிராணி உணவு திரும்பப் பெறல்

2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம், நாய், பூனைகளுக்கான சுமார் 6 கோடி உணவு டப்பாக்களையும் பைகளையும் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவ்வுணவை உண்ட விலங்குகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததே காரணம்.

உணவு தயாரானது வட அமெரிக்காவில். அதில் சேர்த்த கோதுமைப் புரதம் (குளூட்டன்) வந்தது சீனாவிலிருந்து. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதில் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைனைக் கண்டறிந்தது. குளூட்டன் என்று பெயரிட்டு அனுப்பப்பட்டது உண்மையில் கோதுமை மாவே. வழக்கமான சோதனை நைட்ரசன் அளவைக் கொண்டே புரதத்தைக் கணக்கிடும். ஆகவே நைட்ரசன் மிகுந்த மெலமைன், மாவைப் புரதமாகக் காட்டியது.

உறையில் அச்சிடப்படும் தயாரிப்பு நாடு, சேர்மானங்கள் வந்த இடத்தைச் சொல்வதில்லை. 2008-ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவிலும் மெலமைன் கலந்திருந்தது தெரியவந்தது. 6 குழந்தைகள் இறந்தன. விலங்குணவில் கண்ட மோசடி, ஓராண்டுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கையாகும்.