மேடை ஓரத்தில் நிற்கும் பேஸ் கிட்டார் கலைஞர்... அவருக்கு என்னதான் வேலை? கருவி முதல் கச்சேரி வரை முழு விளக்கம்!

கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரியை நினைச்சுப் பாருங்க. நடுவில் பாடகர், ஒரு பக்கம் கீபோர்டு, பின்னால் டிரம்ஸ். அந்த டிரம்ஸுக்குப் பக்கத்தில், நீளமான கழுத்துள்ள நாலு தந்தி கிட்டாரோடு ஒருத்தர் அமைதியா நின்னுட்டு இருப்பார். கேமரா அவர் பக்கம் அதிகம் திரும்பாது. அவர்தான் பேஸ் கிட்டார் கலைஞர்.

கச்சேரிக்குப் பட்ஜெட் குறைஞ்சா குழுவில் முதலில் குறைக்கப்படும் ஆட்களில் அவரும் ஒருவர். ஆனா அவர் இல்லாத கச்சேரியில் 'என்னமோ குறையுதே' என்று காது சொல்லும். என்ன குறையுது? அவர் எப்படிப் பிழைக்கிறார்? பார்ப்போம் வாங்க.

பேஸ் கிட்டார்னா என்ன?

சாதாரண கிட்டாரில் ஆறு தந்தி. பேஸ் கிட்டாரில் பொதுவா நாலு தந்தி. மேலிருந்து கீழாக ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு சுமார் 82 முறை அதிரும். பேஸின் தடித்த தந்தி அதில் பாதி, அதாவது சுமார் 41 முறைதான். ஒரு ஸ்தாயி கீழே.

1951-ல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி இந்த வேலையைச் செய்தது ஆள் உயர டபுள் பேஸ். தூக்கிப் போவதும் கஷ்டம், டிரம்ஸ் சத்தத்தில் கேட்பதும் கஷ்டம். ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. கழுத்தில் கட்டைகள் இருந்ததால் சுருதி தப்பாமல் வாசிக்கவும் முடிந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்கள் அதே 34 அங்குலத் தந்தி நீளத்தில்தான் வருகின்றன.

பாட்டில் அவர் வேலை என்ன?

இரண்டு வேலை. ஒன்று, தாளத்தோடு பூட்டு போடுவது. டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒரே நேரத்தில் விழணும். இம்மி விலகினாலும் பாட்டு 'ஆடும்'. இரண்டு, பாட்டின் ஸ்வர அடித்தளத்தைக் காட்டுவது. மேலே கீபோர்டு என்ன வாசித்தாலும், கீழே பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் காது அந்த இடத்தைச் சந்தோஷமா சோகமா என்று புரிந்துகொள்ளும்.

போனில் கேட்டா ஏன் தெரியல?

ஒரு சின்ன சோதனை. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை போன் ஸ்பீக்கரில் கேளுங்க. அடுத்து அதையே ஹெட்போனில் கேளுங்க. கிட்டாருக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுவது அப்போதான் தெரியும்.

காரணம் எளிது. போனுக்குள் இருப்பது விரல் நுனி அளவு ஸ்பீக்கர். கனமான ஒலிக்கு நிறைய காற்றை அசைக்கணும், அது இதால முடியாது. அப்புறம் பேஸ் கொஞ்சமாவது கேட்கிறதே, எப்படி? ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் மடங்குகளான மேல் ஒலிகளும் வரும். போன் அந்த மேல் ஒலிகளை மட்டும் கொடுக்க, விட்டுப்போன அடி ஒலியை மூளையே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

தமிழ்ப் பாட்டில் பேஸ் எப்படிப் பெரிய ஆளானது?

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் பக்கத்துணையாக நிற்கவில்லை, தனி மெட்டாகவே நடந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஸ்வரங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். பேஸுக்கும் அப்படித்தான். அவர் குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் பேஸ் என்றால் ரசிகர்கள் சொல்லும் பெயர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். ரஹ்மான் மேடைகளில் வாசித்த மும்பையின் மோகினி டே, இன்று உலகம் அறிந்த பேஸ் கலைஞர். இந்தக் கருவியை எடுக்கும் பெண்கள் பலருக்கும் அவர் முன்னுதாரணம்.

எங்கே கத்துக்கறாங்க?

முதல் பள்ளிக்கூடம் பல பேருக்கு சர்ச். ஞாயிறு ஆராதனையில் வாரா வாரம் குழுவோடு வாசிக்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கும். அடுத்தது, ஏதாவது ஒரு மெல்லிசைக் குழுவின் பயிற்சி அறை. சான்றிதழ் வேணும்னா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வில் பேஸுக்கென்றே தனி கிரேடுகள் உண்டு. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூஸி மியூசிக்கல், 2008-ல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களிலும் இசை படிக்கலாம்.

ஆனா கச்சேரிக்கு முக்கியமான தகுதி வேற. சில நூறு பாட்டு மனசில் இருக்கணும். கேட்ட உடனே வாசிக்கணும்.

என்னென்ன கருவி தேவை?

பேஸ் கிட்டார்: தொடக்க நிலையில் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் வேலைக்கு ஆகும் கருவி கிடைக்கும். அமெரிக்காவில் தயாரான ஃபெண்டர் என்றால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். கச்சேரி வருமானத்தை நம்பி இருப்பவர் பெரும்பாலும் நடுவில் எங்கேயோ நிற்பார், அல்லது பழைய கருவியைக் கைமாற்றி வாங்குவார்.

நாலு தந்தியா, அஞ்சு தந்தியா?: மெல்லிசைக் குழுவுக்கு அஞ்சு தந்தி கைகொடுக்கும். பாட்டு 'ஈ' சுருதியில் இருக்க, பாடகர் "இன்னைக்குத் தொண்டை சரியில்ல, கொஞ்சம் இறக்குங்க" என்பார். நாலு தந்தியில் 'ஈ'-க்குக் கீழே ஸ்வரமே கிடையாது. அஞ்சாவது தந்தி 'பி' வரை இறங்கும்.

தந்தி: ஒரு செட் இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். பேஸ் தந்தி லேசில் அறாது, ஆனா வியர்வையும் அழுக்கும் ஏறி மந்தமாகும். சென்னை வெயிலில் இது சீக்கிரமே நடக்கும். பழைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மறுபடி மாட்டுவது உலகம் முழுக்க பேஸ்காரர்கள் செய்யும் சிக்கனம். கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று ஒலிக்கும்.

9 வோல்ட் பேட்டரி: 'ஆக்டிவ்' வகை பேஸுக்குள் இது இருக்கும். கேபிளைச் சொருகியதும் பேட்டரி ஓட ஆரம்பிக்கும். வாசித்து முடிச்சும் கேபிளைப் பிடுங்காமல் விட்டா, அடுத்த கச்சேரியில் நடுப்பாட்டில் சத்தம் செத்துப்போகும். பையில் ஒரு உபரி பேட்டரி கட்டாயம்.

டி.ஐ. பாக்ஸ்: கிட்டாரின் பலவீனமான சிக்னலை, நீளமான ஒயரில் இரைச்சல் ஏறாமல் மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. இது இருந்தா ஆம்ப் இல்லாத மேடையிலும் சமாளிக்கலாம்.

கச்சேரி நாள் எப்படி இருக்கும்?

ஏழு மணிக் கச்சேரி என்றால் மதியமே வேன் கிளம்பிவிடும். மேடையில் ஏறியதும் அனுபவசாலிகள் சவுண்ட் செட்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி: "எர்த் போட்டாச்சா?"

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. எலக்ட்ரிக் கருவிகளின் தந்திகள் வழக்கமாக ஒயர் வழியே எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜெனரேட்டரிலோ ஒயரிங்கிலோ கோளாறு இருந்தால், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் ஒரே நேரத்தில் பட்டதும் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். உயிரே போகலாம். மழை ஈரத்தில் நிற்கும் திறந்தவெளி மேடையில் ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்து சவுண்ட் செக். அப்புறம் பாட்டு லிஸ்ட். லிஸ்ட் என்பது பேருக்குத்தான், நேயர் விருப்பச் சீட்டு வர வர எல்லாம் மாறும். சுருதியும் மாறும். கீபோர்டுகாரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, அமுக்கினால் போதும். பேஸ்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. எண்பதுகளின் ஒரு சிக்கலான பேஸ் வரிசையை, பாடகர் மைக்கைப் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் மனசுக்குள்ளேயே வேற சுருதிக்கு மாற்றி வாசிக்கணும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். கலை, சமயத் திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம்.

எந்த மாசம் வேலை, எந்த மாசம் காத்தாட்டம்?

கலைஞரின் வருமானம் பஞ்சாங்கத்தோடு ஓடுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனா அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசைகட்டும். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கினால் ரிசப்ஷன் கச்சேரி. புரட்டாசி மந்தம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனா கிறிஸ்துமஸும் புத்தாண்டு நிகழ்ச்சிகளும் உண்டு. தையில் மறுபடி முகூர்த்தம். சர்ச் கல்யாணங்களை நம்பியிருப்பவர்களுக்குத் தவக்காலம் வேலை இல்லாத காலம். 2020 ஊரடங்கில் கோயில், கல்யாணம், சர்ச் மூன்றும் ஒரே நேரத்தில் மூடப்பட்டபோது பலருக்கு வருமானம் முழுசாக நின்றுபோனது.

சம்பளம் எப்படி?

மேடையில் ஒரு கச்சேரிக்கு இவ்வளவு என்று பேச்சு. அட்வான்ஸ் குழு நடத்துபவர் கைக்கு வரும், அவர் பிரித்துக் கொடுப்பார். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்து ஒப்பந்தம் அரிது. தேதி ரத்தானா கையில் ஒன்றும் நிற்காது.

சினிமா ரிக்கார்டிங்கில் 'கால்ஷீட்' கணக்கு. இசையமைப்பாளர் எம்.பி.ஸ்ரீனிவாசன் முன்னின்று உருவாக்கிய திரையிசைக் கலைஞர்கள் சங்கம், இந்தத் துறையில் வாசிப்பவர்களுக்குக் கூலிப் பாதுகாப்பு தேடிக்கொடுத்தது. அன்று ஒரே ஸ்டுடியோவில் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். இன்று பலர் வீட்டிலேயே பதிவு செய்து ஃபைலாக அனுப்புகிறார்கள். அலைச்சல் இல்லை, ஆனா எத்தனை முறை திருத்தி வாசித்தாலும் அதே பணம் என்ற நிலை வந்துவிடுகிறது.

ராயல்டி? 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு என்கிறது. பாடகர்கள் தங்கள் அமைப்பு மூலம் அதை வசூலிக்கத் தொடங்கினார்கள். பேஸ்காரர் போன்ற வாத்தியக் கலைஞர்களுக்கு நடைமுறை இன்னும் 'வாசிச்சோம், வாங்கினோம், முடிஞ்சது' என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது.

அப்புறம் ஏன் முதலில் குறைக்கிறாங்க?

மூணு காரணம்.

ஒன்று, கீபோர்டுகாரர் இடது கையால் பேஸ் வாசித்துவிட முடியும். ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

இரண்டு, பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டுப் பாடும் முறை. அதில் பேஸ் ஏற்கெனவே இருக்கு.

மூணு, கச்சேரியை புக் செய்பவரே அதை போன் வீடியோவில் பார்த்துத்தான் முடிவு பண்ணுகிறார். போனில் பேஸ் கேட்பதில்லை. கேட்காததுக்கு யார் காசு கொடுப்பார்?

ஆனா பத்தாயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் நெஞ்சில் வந்து இடிக்கும் ஒலி கிக் டிரம்மும் பேஸும்தான். இடது கை பேஸ் ஸ்வரத்தைக் கொடுத்துவிடும். டிரம்ஸ்காரர் வேகம் கூட்டும்போது கூடவே போவது, பாடகர் வரியை மறந்து திணறும்போது ஒரு சுற்று நீட்டி வாசித்துக் காப்பாற்றுவது போன்றவை ஓடுகிற டிராக்கால் முடியாத காரியம்.

உடம்பு என்ன சொல்லுது?

காது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பு எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் பக்கத்திலேயே நிற்பவருக்குக் காது அடைப்பான் அவசியம். நரம்பு சேதத்தால் போன கேட்கும் திறன் திரும்பி வராது.

முதுகு: சுமார் நாலு கிலோ, ஒரே தோளில், மூன்று மணி நேரம். அகலமான பட்டை பாரத்தைப் பரப்பும்.

கை: தடித்த தந்தி, அகன்ற இடைவெளி. பயிற்சி இல்லாமல் நீண்ட நேரம் வாசித்தால் மணிக்கட்டு வலி வந்துவிடும். வலி இருக்கும்போது பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது.

நீங்களும் பேஸ் வாசிக்க ஆசைப்படறீங்களா?

முதலில் மெட்ரனோம் ஆப் போட்டு, ஒரே ஸ்வரத்தை ஐந்து நிமிடம் விலகாமல் வாசித்துப் பழகுங்க. அடுத்து, பிடித்த பாட்டின் பேஸை மட்டும் காதால் பிடித்து வாசியுங்க. ஒரு டிரம்ஸ்காரரை நண்பராக்கிக்கொள்ளுங்க. வேறு ஒரு வருமானமும் வைத்துக்கொள்வது நல்லது. பல கலைஞர்கள் வகுப்பு எடுத்துத்தான் மந்தமான மாதங்களை ஓட்டுகிறார்கள்.

வாசிக்கும் ஆசை இல்லையா? வீட்டு விசேஷத்துக்குக் கச்சேரி பேசும்போது "பேஸ் கிட்டார் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. அந்தக் கேள்வியால் ஒரு கலைஞருக்கு அன்றைய ராத்திரி வேலை கிடைக்கும்.