அரங்க விளக்கிலிருந்து வெட்டவெளிக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒளிப்பதிவும் குறும்படமும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் குறும்படம் எடுக்கும் இளைஞர்களைப் பற்றி யார் எழுதினாலும், இரண்டாவது பத்தியில் சேலத்தின் பழைய ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் வந்துவிடும். மண்ணிலேயே சினிமா ஊறிக்கிடக்கிறது என்ற பேச்சும் கூடவே வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டுடியோவின் பொற்காலத்துக்கும் இந்தப் பகுதியில் குறும்படம் தழைத்த காலத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளி கிடக்கிறது. அந்த இடைவெளியில் கேமரா ஒரு கையிலிருந்து நேராக இன்னொரு கைக்கு மாறவில்லை. வேறு வழிகளில் சுற்றித்தான் திரும்ப வந்தது. எந்த வெளிச்சத்தை நம்பிப் படம் எடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்து இந்த வரலாற்றைப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. சமவெளியில் எழுந்த ஸ்டுடியோ, சமவெளியின் வெயிலை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. விளக்கு வாங்கக் காசில்லாத குறும்படக்காரர்கள்தான் அந்த வெயிலைப் படத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

திருச்செங்கோட்டில் நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் வேலாயுதம் பிள்ளையுடன் கூட்டுச் சேர்ந்து, ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ (1934) முதலான படங்களில் பங்கெடுத்தார். அந்நாளில் பேசும்படம் எடுக்கக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். நடிகர், பக்கவாத்தியம், சமையல்காரர் என்று ஒரு குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு போகும். இந்தச் செலவைக் கண்ணால் கண்டவர், ஏற்காடு அடிவாரத்தில் சொந்த ஸ்டுடியோ எழுப்பினார். மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் ‘சதி அகல்யா’ 1937இல் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில், மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இதே வளாகத்திலிருந்து வெளிவந்தது.

சுந்தரம் ஸ்டுடியோவை ஒரு மில்லைப் போல நடத்தினார் என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. எழுத்தாளர், நடிகர், தச்சர், ஒளிப்பதிவாளர் எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் நேரக் கட்டுப்பாடு. இந்த ஒழுங்கைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய கண்டிப்பைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஒளிப்பதிவுக்கு அது என்ன செய்தது என்று கேட்டவர்கள் குறைவு. சென்னையின் தொடக்ககால ஸ்டுடியோக்களில் துணிப் பந்தலுக்கு அடியில் சூரிய ஒளியை வைத்துப் படம் பிடித்தார்கள். மேகம் வந்தால் வேலை நிற்கும். காகம் கரைந்தால் ஒலிப்பதிவு கெடும். காகத்தை விரட்டவே தனியாக ஆள் வைத்திருந்தார்கள் என்று திரை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மில்லில் ஷிப்ட் ஓட வேண்டுமானால் சூரியனை நம்ப முடியாது. மூடிய தளமும் மின்விளக்கும் வந்தால்தான் காலையும் இரவும் ஒன்றாகும். அப்படி விளக்கை நம்பி இயங்கும் இடத்தில் ஒளியை அமைப்பது ஒரு தனித் தொழிலாகிறது, அதற்கென்று ஆளும் தேவைப்படுகிறது.

அந்த ஆளைச் சுந்தரம் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். பம்பாய் டாக்கீஸில் ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங் செய்த வேலையைச் சேலத்தில் பாடோ குஷ்வாக்கர் செய்தார். ‘பாலன்’ படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்ற ‘உத்தம புத்திரன்’ (1940) படத்திலும் கேமரா அவரிடம்தான் இருந்தது. தமிழ்ப்பட இரட்டை வேடம் என்றால் முதலில் சொல்லப்படும் படம் இது. அதன் தந்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, நடிகரை மறு பாதியில் நிறுத்திக் காட்சியை எடுப்பார்கள். பிறகு எத்தனை அடி ஓடியதோ அத்தனை அடியையும் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றுவார்கள். தகட்டை மறுபக்கம் மாற்றி, உடை மாற்றி வந்த அதே நடிகரை வைத்து அதே சுருளில் மறுபடி எடுப்பார்கள். இரண்டு முறைக்கும் இடையில் கேமரா மயிரிழைகூட அசையக் கூடாது, விளக்கின் அளவும் கூடவோ குறையவோ கூடாது. நடிகர் வெறும் காற்றைப் பார்த்து வசனம் பேசி, எதிரே நிற்காத தன்னிடமே பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் பிழை நேர்ந்தால் நன்றாக வந்த முதல் பாதியும் போச்சு. இணைப்புக் கோடு கண்ணில் படாதிருக்க, தூண், கதவு நிலை, திரைச்சீலை போன்ற செங்குத்தான பொருளைச் சட்டகத்தின் நடுவில் வைப்பது இத்தகைய காட்சிகளில் வழக்கம். ஆக, கலை இயக்குநர் தூணை எங்கே நட வேண்டும் என்பதைக்கூடக் கேமராதான் சொல்லும்.

இரண்டாம் உலகப் போர் பிலிமை வீணாக்காத சிக்கனத்தைச் சட்டமாகவே ஆக்கியது. கச்சாப் பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். தட்டுப்பாடு முற்றியபோது ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் 11,000 அடி என்றால் இரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும். அதற்குமுன் நாற்பது ஐம்பது பாட்டுகளோடு மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய தமிழ்ப் படத்துக்கு இது பெரிய கத்தரி. போர் முயற்சிக்கு ஆதரவாக மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ (1945) எடுத்ததும் இந்த நெருக்கடிக் காலத்தில்தான். நீளம் குறைந்ததும் ஒவ்வொரு ஷாட்டும் எதற்கு என்ற கேள்வி முளைத்தது. தமிழ்ப் படங்களில் பாட்டு குறைந்து கதை விரைவானதில் பிலிம் பஞ்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரரான எல்லிஸ் ஆர். டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்று 1935இல் இந்தியா வந்தவர். தமிழ் பேசத் தெரியாமலே பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படம் இயக்கியவர். மொழி தெரியாததால் வசனத்தைக் காட்டிலும் முகத்தையே அதிகம் கவனித்தாரோ என்று தோன்றும். அவர் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக இயக்கிய ‘மந்திரி குமாரி’ (1950) படத்தில் கலைஞர் மு. கருணாநிதியின் வசனம் அருவியாகக் கொட்டுகிறது. ஜே. ஜி. விஜயத்தின் கேமரா அதற்கு நடுவே அண்மைக் காட்சிகளால் இடைவெளி ஏற்படுத்துகிறது. படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். டைட்டிலில் இருவர் பெயரும் இயக்குநராக வருவது அதனால்தான்.

1956 பொங்கலுக்கு மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். டபிள்யூ. ஆர். சுப்பா ராவ் அதைக் கேவா கலர் சுருளில் பிடித்தார். பெல்ஜியத்தின் கேவார்ட் நிறுவனச் சரக்கு அது. கறுப்பு வெள்ளைச் சுருளைவிட வண்ணச் சுருளுக்கு மிக அதிக வெளிச்சம் வேண்டும். தளத்தில் விளக்கு ஏறியது, வெப்பமும் ஏறியது. ஐந்தாண்டு கழித்து மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) இதே ஸ்டுடியோவிடமிருந்தே வந்தது.

இவ்வளவு சாதித்த ஸ்டுடியோவின் படங்களை இன்று வரிசையாகப் பார்க்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. சேலம் அவற்றில் அரிதாகவே தென்படுகிறது. அரண்மனை, குகை, நிலவொளித் தோட்டம் என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி ஓவியத் திரையும் பிளாஸ்டர் அச்சும். கஞ்சமலையும் சங்ககிரி மேடும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கதைக்குத் தேவைப்படவில்லை. இந்தக் குறைக்குச் சுந்தரத்தை மட்டும் பழி சொல்வது நியாயமில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் படமானது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. மலையைத் தலைப்பிலேயே சுமந்த அந்தப் படமும் பெரும்பாலும் அரங்குக்குள் உருவானதுதான். ஒளியைக் கையில் வைத்திருந்தவர்கள் கையில் அடங்காத ஒளியைத் தேடிப் போகவில்லை.

1963இல் சுந்தரம் மறைந்தார். மகன் ராமசுந்தரம் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற துப்பறியும் படங்களால் நிறுவனத்தைச் சில காலம் இழுத்துச் சென்றார். ஆனால் தொழில் சென்னைக்குப் போய்விட்டது, தொழிலாளியும் கூடவே போய்விட்டார். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மிஞ்சியது.

அதே பத்தாண்டுக்குள் தமிழ் ஒளிப்பதிவு வேறொரு பக்கம் திரும்பியது. ‘16 வயதினிலே’ (1977) படத்தில் பி. எஸ். நிவாஸ் கிராமத்து வெயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். மறு ஆண்டு ‘முள்ளும் மலரும்’ படத்தில் பாலு மகேந்திரா சன்னலோர வெளிச்சத்தையும் மலைப் பனியையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். கேமரா இலகுவானதும், குறைந்த ஒளியிலும் பதியும் சுருள்கள் வந்ததும் இதற்குத் துணை. கொங்கு நாட்டில் இதன் பலன் கோபிசெட்டிபாளையத்துக்குப் போயிற்று. வாய்க்காலும் பச்சை வயலும் அங்கே இருந்தன. சேலம், நாமக்கல் மேட்டுக்காடு படப்பிடிப்புக் குழுக்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை.

குறும்படத்தின் வரலாறு தனியாக ஓடியது. தமிழ்ப் பேசும்படமே குறும்படத்தோடுதான் பிறந்தது என்று சொல்லலாம். 1931இல் ‘காளிதாஸ்’ வெளியான காலத்திலேயே டி. பி. ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் பாட்டும் கொண்ட சிறு படம் இருந்தது. 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய பிறகு, டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்த சனங்களுக்குக் குறும்படம் என்றால் மெயின் படத்துக்கு முன் ஓடும் நியூஸ் ரீல்தான். கதை சொல்லும் சிறு படம் வீட்டுக்குள் வந்தது சன் டிவியில், 2000ஐ ஒட்டி. பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’ 52 சிறுகதைகளைப் படமாக்கியது. இலக்கியச் சிறுகதை, சிறிய குழு, வீட்டுச் சன்னல் வெளிச்சம் என்ற அந்தக் கூட்டு, பின்னால் வந்த குறும்படக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று. ‘நிழல்’ இதழின் திருநாவுக்கரசு மாவட்டத் தலைநகரங்களில் நடத்திய பயிற்சிப் பட்டறைகளும், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் அமைப்பான தமுஎகச கிளைகளின் திரையிடல்களும் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கேமராவைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தன. பிறகு கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அதன் வழியே திரையுலகுக்குள் போனதும், குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டும் அடையாள அட்டை ஆனது. இது நல்லதுக்கா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அடையாள அட்டைக்காக எடுத்த படங்களில் கடைசி நிமிடத் திருப்பம் மிகுந்தது, இடம் மறைந்தது.

கேமரா வந்த வழியையும் சொல்ல வேண்டும். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வெளியானபோது, புகைப்படக் கேமராவிலேயே பெரிய சென்சாரில் உயர்தர வீடியோ எடுக்க முடிந்தது. சிறு நகரங்களில் அதை முதலில் வாங்கியவர்கள் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமரா சும்மா கிடக்கும். வாடகைக்கோ நட்புக்கோ அது குறும்படத்துக்குக் கிடைக்கும். ஆடி, மார்கழி என்றால் குறும்படத்துக்குக் கேமரா சுலபமாகக் கிடைக்கும் காலம் என்று அர்த்தம். சமவெளியின் ஒளிப்பதிவுப் பள்ளி என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், இந்தக் கல்யாண ஸ்டுடியோக்களைத்தான் சுட்டுவேன்.

கேமரா கிடைத்தது, விளக்கு கிடைக்கவில்லை. எனவே வெயிலைப் படிக்க வேண்டியதாயிற்று. சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரைப் பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வரும். அந்நேரம் எடுத்தால் கண்குழியில் கறுப்பு விழும், முகம் மண்டை ஓடாகும். காலை ஒன்பதரைக்குள் ஒரு பகுதி, மாலை நாலரைக்கு மேல் மறுபகுதி, நடுவில் கூரைக்குள் என்று நாளைப் பிரிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. சேந்தமங்கலம் பக்கம் கிழக்கே கொல்லிமலை நிற்பதால் வெயில் தாமதமாக இறங்கும். அதுவரை நிழல் விழாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும். ஆத்தூர், ராசிபுரம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளின் காயவைக்கும் களம் இன்னொரு வியப்பு. பரப்பிய மாவின் வெண்மையில் பட்டு வெயில் கீழிருந்து எழும்பி, கண்குழிக் கறுப்பை நிரப்பிவிடும். தெர்மாகோல் அட்டை பிடிக்க ஆள் வேண்டாம். இத்தகைய ஒளியை அரங்கத்தில் உருவாக்க ஒரு லாரி நிறைய உபகரணம் வேண்டும்.

வட்டாரம் படமாவதற்கு எழுத்தும் ஒரு வழி. சுந்தரத்தின் ஊரான திருச்செங்கோடு பகுதியிலிருந்தே வந்த பெருமாள்முருகன், ‘நிழல் முற்றம்’ நாவலில் சிற்றூர்த் திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் வாழ்க்கையை எழுதினார். அவருடைய ‘வறுகறி’ கதையைத் தமிழ் என்ற இயக்குநர் ‘சேத்துமான்’ என்று எடுத்தார். நீலம் தயாரிப்பில், பிரதீப் காளிராஜாவின் ஒளிப்பதிவில் உருவாகி 2022இல் சோனி லிவ் தளத்தில் வந்தது. முழுநீளப் படம்தான், ஆனால் சிறுகதையின் அளவு கெடாமல் ஒரு பன்றிக்கறி விருந்தைச் சுற்றியே நகர்கிறது. நாமக்கல் வட்டாரத்தின் இரு எழுத்தாளர்களின் கதைகள் 1954இலும் 2022இலும் படமான விதத்தை அருகருகே வைத்தால், இடைப்பட்ட மாற்றம் முழுவதும் தெரிகிறது. முந்தையதில் மலை கதைக்குத் திரைச்சீலை. பிந்தையதில் வறண்ட நிலமும் சாதியும் உழைப்பும் ஒரே வெயிலில் நிற்கின்றன.

வெட்டவெளி எல்லாவற்றையும் இலவசமாகத் தந்துவிடவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு தெருக்களில் விசைத்தறி இரவும் பகலும் ஓடும். சட்டகத்தில் ஒரு வீட்டு முற்றம் அமைதியாக இருக்கும், ஹெட்போனை மாட்டினால் தறிச் சத்தம் காதை அடைக்கும். தறிக்காரரிடம் அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னால் அவருடைய கூலி போகும். ஆகவே பெரும்பாலோர் வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் சேர்க்கிறார்கள். முகத்தில் நாமக்கல் வெயிலும் குரலில் மூடிய அறையின் வறட்சியும் ஒட்டாமல் நிற்பதை இவ்வட்டாரக் குறும்படங்களில் அடிக்கடி கேட்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸின் தடித்த சுவர்கள் ஒலிக்காகவும்தான் எழுந்தன. ஒளிக்கு இந்தத் தலைமுறை வழி கண்டுபிடித்திருக்கிறது, ஒலிக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தறிச் சத்தத்தையே கதைக்குள் சேர்த்துக்கொண்ட சில முயற்சிகள் உண்டு. ஆனால் அதற்குக் கதை தறிக்காரர் வீட்டில் நடக்க வேண்டும்.